வள்ளம் போன பிறகு வரும் அலை

கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகள் சிலர் என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததால் அண்மையில் வேலையை விட்டு நின்றவள் நான். மடியில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. இதற்கு ஓய்வு என்று பெயர் சொன்னால் எங்கள் லயத்து வீடுகளில் சிரிப்பார்கள். ஆனாலும் கேட்டதற்காக எழுதுகிறேன். எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "பேருகள எடுத்துரு," என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டேன். மாரியாயி, கறுப்பையா இருவரின் பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன். மாரியாயியின் பெயரை எடுத்தால் அவள் சண்டைக்கு வருவாள்.

பால் காய்ச்சுவது, துணி அவிப்பது, சிரங்குக்கு மருந்து போடுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் எழுதப் போவது தண்ணீரில் வாழும் ஒரு சின்னப் பறவையையும் அது இருந்த இடத்தில் ஓடிய மோட்டார் வள்ளங்களையும் பற்றி. பிள்ளைக் காம்பராவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு இறங்குகிற பக்கத்தில் இருக்கிறது. மின்சாரத்துக்காக ஆற்றை மறித்து அணை கட்டியபோது தோட்டத்தின் அடிவாரமும் பழைய பாதையும் தண்ணீருக்குள் போய்விட்டன. அணைத் தண்ணீர் ஒரு விரலைப் போல இரண்டு மலைகளுக்கு நடுவில் நுழைந்து நின்றது. அந்த ஒடுங்கிய இடத்தை நாங்கள் குடா என்போம். இந்தக் கரையில் பிள்ளைக் காம்பரா. அந்தக் கரையில் தாய்மார் கொழுந்து எடுக்கும் மலை. எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த தெப்பம் ஒன்று நடுவில் போய்வரும். இரு கரைக்கும் இழுத்துக் கட்டிய கம்பியைப் பிடித்துக் கறுப்பையா அண்ணன் அதை நகர்த்துவார். தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு அதில் அக்கரை போவார்கள். பால் கொடுக்கும் நேரத்துக்கு அதிலேயே திரும்பி வருவார்கள். பாலத்து வழியாகச் சுற்றி வந்தால் பால் கொடுக்கும் நேரம் நடையிலேயே போய்விடும்.

குடாவின் உள்மூலையில் கோரைப்புல் அடர்ந்திருந்தது. முக்குளிப்பான்கள் அங்கேதான் இருந்தன. இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற உருண்டைப் பறவை. இப்போது தண்ணீர்மேல் இருக்கும், கண்ணைச் சிமிட்டினால் இருக்காது, வேறெங்கோ போய்த் தலையை நீட்டும். அடங்காமல் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "எங்க போச்சு? எங்க போச்சு?" என்று கேட்டால் போதும், அழுகையை விட்டுவிட்டுத் தேட ஆரம்பிக்கும். என் மூத்த மகளும் அப்போது அங்கே தொட்டிலில் கிடந்தவள்தான். அவளை அடக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

முக்குளிப்பான் கூட்டைத் தண்ணீரிலேயே மிதக்க விட்டுக் கட்டும். அழுகிய தண்டுகளைக் குவித்து, அடித்துக்கொண்டு போகாமல் இரண்டு மூன்று கோரைகளோடு சேர்த்துப் பின்னிவிடும். கூட்டைவிட்டு இறங்கும்போது முட்டைகளின் மேல் ஈரப்புல்லை இழுத்து மூடிவிட்டுத்தான் இறங்கும். நம் தாய்மார் தொட்டிலின் மேல் சேலையை இழுத்துவிட்டுப் போவதைப் போலத்தான். குளிருக்கும் காக்கைக்கும் அந்தப் புல்தான் காவல். அந்த ஏப்ரலில் குடாவில் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்று தண்ணீர் ஓரத்தில், மற்றது கோரைக்குள் தள்ளி.

ஏப்ரல் வந்தால் கொழும்புக்காரர்கள் வெயில் தாங்காமல் மலையேறுவது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் கடலில் ஓட்டுகிற மோட்டார் வள்ளங்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். துரைமார் கிளப்போடு சேர்ந்து அணைத் தண்ணீரில் போட்டி வைக்கப் போவதாகப் பேச்சு. போட்டிக்கு முன்பு ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டார்கள். குழந்தைகளுக்குக் காட்டலாம் என்று கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நானும் வாசலுக்கு வந்தேன்.

வள்ளம் ஒன்று கயிற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தது. காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு அவள் தண்ணீர்மேல் நின்றபடியே வந்தாள். கரையில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் கை இருந்தால் தட்டியிருப்பேன். அவ்வளவு அழகாக இருந்தது. வள்ளம் குடாவின் வாயில் வளைந்து திரும்பிப் போயிற்று. ஓரத்துக் கூட்டில் இருந்த பறவை விழுந்தடித்துத் தண்ணீருக்குள் போனது. மூடுவதற்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. முட்டைகள் வெள்ளையாக வெளியே தெரிந்தன.

வள்ளம் போய்விட்டது. சத்தமும் போய்விட்டது. தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. சரி, பறவை திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக் குழந்தைகளை உள்ளே கொண்டுபோகத் திரும்பினேன். அப்போதுதான் அலை வந்தது. திறந்த தண்ணீரில் சின்னதாகக் கிளம்பிய அலை, குடாவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கத்து மலையும் நெருக்க எழும்பிக்கொண்டே வந்தது. கூட்டைத் தூக்கியது, சாய்த்தது, கவிழ்த்தது. ஒரு முட்டை மட்டும் பாசியில் சிக்கி நின்றது. அதைக் காக்கை வந்து எடுத்துப் போனது. கரையில் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. வள்ளம் எங்கே போகிறது என்று பார்த்தார்களே தவிர, வள்ளம் போன பிறகு தண்ணீர் என்ன செய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து எல்லோரும் வேலைக்குப் பிரிந்து போன பிறகு பெரிய கிளாக்கரிடம் போனேன். போகும் வழியில் எத்தனை முறை திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தேனோ தெரியாது. நாங்கள் இருந்த வீடு தோட்டத்தினுடையது. என் வீட்டுக்காரர் கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறார். பறவைக்காகப் பேசி வேலைக்கு ஆபத்து தேடிக்கொள்ள வேண்டுமா என்ற பயம் இருந்தது. ஆனால் இரண்டாவது கூடு இன்னும் இருந்தது. அதையாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று போனேன்.

"ஐயா, போட்டி அன்னைக்கு வள்ளங்கள் குடாப் பக்கம் திரும்பாம கொஞ்சம் தள்ளித் திரும்பினா நல்லதுங்க."

"ஏன், பிள்ளைங்க பயப்படுதா?"

"இல்லைங்க. முக்குளிப்பான் முட்டை வச்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஆபீஸ் முழுதும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "முட்டை வச்சிருக்கா? பெரட்டுக்கு வந்துச்சா அது? பேரு போட்டாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அப்படிச் சிரிக்காவிட்டால் அழுகை வந்திருக்கும்.

போட்டி நாள் கொழுந்து மலிகிற காலத்தில் வந்தது. அதனால் தோட்டத்துக்கு லீவு கிடையாது. பெண்கள் வழக்கம்போல் அக்கரை மலையில் இருந்தார்கள். வள்ளங்கள் ஓடும்போது தெப்பம் நகரக்கூடாது என்று உத்தரவு. பால் கொடுக்கும் நேரம் வந்தது. பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து அக்கரையில் வரிசையாக நின்றார்கள். இந்தக் கரையில் குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று கத்தின. சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்துக் கொடுத்துப் பார்த்தேன். என் மகளே துப்பிவிட்டாள். அக்கரையில், கைக்குழந்தையை என்னிடம் விட்டிருந்த மாரியாயி இரண்டு கையையும் நெஞ்சில் அணைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவளுடைய ரவிக்கை நனைந்திருப்பது இங்கேயிருந்தே தெரிந்தது. தெப்பம் அக்கரையில் காத்து நின்றது. கறுப்பையா அண்ணன் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோரைக்குள் இருந்த கூட்டைப் பார்த்தேன். அந்தப் பறவையும் காலையிலிருந்து கூட்டுக்குப் போக முடியாமல் குடாவின் நடுவில் நீந்திக்கொண்டு இருந்தது. கூட்டுக்குக் கிட்டப் போகும். ஒரு வள்ளம் தூரத்தில் உறுமும். உடனே தண்ணீருக்குள் போய்விடும். குளிர் காற்று வேறு. அந்த முட்டைகளில் இன்னும் சூடு இருக்குமா என்று நினைத்தேன்.

ஒரு ஓட்டம் முடிந்ததும் அதில் வென்ற வள்ளம் வேடிக்கைக்காகக் குடாவின் வாய்வரைக்கும் வந்து, ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பிப் போயிற்று. இருந்ததிலேயே பெரிய வள்ளம் அதுதான். அதன் சத்தம் தேய்ந்து போனதும் அக்கரையில் கங்காணி கை வீசினார்.

"போயிருச்சு, போயிருச்சு! ஏறுங்க சீக்கிரம்! மறுபடி ஆரம்பிக்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துருங்க!"

பெண்கள் ஓடி வந்து தெப்பத்தில் ஏற ஆரம்பித்தார்கள். மாரியாயி முதல் ஆள்.

தண்ணீர் அமைதியாக இருந்தது. கண்ணாடி போல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளோட்டத்து அன்றும் இப்படித்தான் இருந்தது.

"ஏறாதீங்க!" என்று கத்தினேன். "அலை வருது, ஏறாதீங்க!"

"எங்கங்க அலை?" கங்காணி குடாவைக் காட்டினார். "வள்ளம் போயே போச்சு. நீங்க உள்ள போங்க ஆயம்மா."

எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் பிள்ளைக் காம்பராவில் இருப்பதால் எல்லோருக்கும் நான் ஆயம்மாதான்.

மாரியாயி தெப்பத்தில் நின்றபடி, "வலி உயிர் போகுது ஆயம்மா, வந்து சேர்ந்துக்கிறோம், அப்புறம் சொல்லுங்க," என்றாள். கறுப்பையா அண்ணன் கம்பியில் கையை வைத்துவிட்டார். அந்த இடத்தில் தண்ணீரின் ஆழம் யாருக்கும் தெரியாது. முன்பு அங்கே ஒரு முழு லயம் இருந்தது, அது முழுதும் உள்ளே கிடக்கிறது. எங்கள் பெண்களில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. விளக்கினாலும் கேட்கமாட்டார்கள். நான் குடாவின் குறுக்கே கையை நீட்டி, என்னால் முடிந்தவரை அலறினேன். "பாம்பு! மாரியாயி, காலடியில பாம்பு! பலகைக்கு அடியில!"

தெப்பம் ஒரே நொடியில் காலியாயிற்று. மாரியாயி கரைக்கே பறந்தாள். கறுப்பையா அண்ணன் கம்பியை விட்டுவிட்டுப் பாய்ந்தார். ஒரு பெண் வழுக்கி விழுந்து முழங்காலைக் கீறிக்கொண்டாள்.

அவர்கள் கரையில் நின்று தெப்பத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை வந்து சேர்ந்தது. தெப்பத்தின் ஒரு பக்கம் எழும்பி, ஒரு சுவரைப் போல நின்றது. பலகை முறிகிற சத்தம் கேட்டது. ஒரு பீப்பாய் கழன்று கரையில் வந்து மோதி உருண்டது. கங்காணியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒருவரும் அசையாமல் நிற்க, குழந்தைகளின் அழுகை மட்டும் தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

அந்த அலை அங்கே நிற்கவில்லை. கோரைக்குள் போயிற்று. இரண்டாவது கூட்டையும் அது எடுத்துக்கொண்டது. நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அதைப் பார்த்ததற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். இத்தனை பெண்கள் பிழைத்திருக்கிறார்கள், நீ எதைப் பார்க்கிறாய் என்று. ஆனால் அந்தக் கூட்டை முன்னே பார்த்திராவிட்டால் நான் கத்தியிருக்கமாட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாரியாயி அக்கரையிலிருந்து, "பொய்தான?" என்று கேட்டாள்.

"பொய்தான்."

"பாம்பு சொன்னீங்க, பரவால்ல. இன்னொரு தடவ அட்டைன்னு சொல்லாதீங்க, எவளும் எறங்கமாட்டா," என்றாள். அப்புறம் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

தங்கைகளே, அந்த இடத்தில் பொய் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். பிள்ளைக் காம்பராவில் ஒரு தடவை பொய் சொன்னால் அடுத்த முறை நம் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. ஆனால் அபாயத்தை நீங்கள் மட்டும் பார்த்திருக்கிற நேரம் என்று ஒன்று வரும். அப்போது உண்மையை நம்பவைக்க அவகாசம் கிடைக்காது.

மறுநாள் துரை நேரில் வந்து முறிந்த தெப்பத்தைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் பக்கத்தில் நின்றார். துரைக்கு நம் தமிழ் கொஞ்சம் தெரியும். "தெப்பம் வேணாம். நிப்பாட்டு. பாலம் இருக்கு, பொம்பளை எல்லாம் நடந்து வரணும்," என்றார்.

இதுதான் தீர்வு என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வள்ளம் நிற்காது. பால்தான் நிற்கும்.

கிளாக்கர் தலையை ஆட்டிவிட்டார். துரை திரும்பி நடக்க ஆரம்பித்தார். நான் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "ஐயா, பாலத்து வழியா வந்தா பிள்ளைங்க பசி தாங்காதுங்க," என்றேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். "போக வர நேரமாகும். கொழுந்தும் கொறையுங்க," என்றேன். நின்றார். பிள்ளை என்ற சொல்லுக்குத் திரும்பாத முகம் கொழுந்து என்ற சொல்லுக்குத் திரும்பியது. எனக்கு அது அதிர்ச்சிதான். ஆனால் அதிர்ச்சியடைந்து நிற்க அப்போது நேரமில்லை. குடாவின் வாயில் டர்பன்டைன் மரக்கட்டைகளைச் சங்கிலியில் கோத்து மிதக்க விட்டால் வள்ளமும் உள்ளே வராது, அலையும் கட்டையில் அடித்து உடையும் என்று கறுப்பையா அண்ணன் முந்தின இரவு சொன்னதை ஒப்பித்தேன். துரை தண்ணீரைப் பார்த்தார். "சரி, போடு," என்றார்.

கட்டை போட்டார்கள். தெப்பத்தைப் பழுது பார்த்தார்கள். முட்டையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் காதில் ஏறக்கூடிய காரணத்தைச் சொன்னேன், அது வேலை செய்தது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கட்டைக்கு உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்ததால் மழை முடிந்ததும் முக்குளிப்பான்கள் திரும்பி வந்தன. அடுத்த ஏப்ரலில் கோரை ஓரத்தில் ஒரு கூடும் கட்டிவிட்டன. தெப்பம் போகும் வழிக்குக் கிட்டத்திலேயே கட்டின. பெண்கள் அதைக் கடக்கும்போது பேச்சைக் குறைக்கமாட்டார்கள், மாரியாயி குறைக்கவே மாட்டாள். ஆனால் கறுப்பையா அண்ணன் அந்த இடத்தில் கம்பியை மெதுவாக இழுப்பார்.

அந்த ஏப்ரலில் பெரிய கிளாக்கர் பிள்ளைக் காம்பராவுக்கே வந்தார். பால் கொடுக்கும் நேரம் அது. தாய்மார் எல்லோரும் உள்ளே இருந்ததால் வாசலுக்கு வெளியே நின்று பேசினார்.

"இந்த வருஷம் போட்டி பெரிசா நடக்கப் போகுது. குடா வழியாத்தான் வள்ளம் சுத்தி வரணுமாம், கரையில இருந்து பாக்க நல்லாருக்குமாம். ஒரு நாள் மட்டும் கட்டையக் கழட்டுறோம்."

"தாய்மாருக்கு?"

"அதெல்லாம் யோசிச்சாச்சு. அன்னைக்குப் பொம்பளைங்களுக்கு லீவு, பேரும் போட்டுக் குடுக்குறாரு தொரை. தெப்பம் ஓடாது. பிள்ளைங்க இங்க இருக்காது. யாருக்கும் ஆபத்து கிடையாது." சிரித்தார். "தொரை உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாரு. போன வருஷம் நீங்கதான சொன்னீங்க. ஆபத்து இருக்கா, இல்லையா?"

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அடுத்தவர் கேட்டுக்கொள்ளும் காரணத்தை மட்டும் சொல்லி ஒன்றைக் காப்பாற்றினால், அந்தக் காரணம் தீர்ந்த நாளில் நம் கையில் ஒன்றும் இருக்காது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. யாருக்கும் ஆபத்து இல்லை. பெண்களுக்கு ஒரு நாள் ஓய்வு, கூலியோடு. இதை நான் எப்படி வேண்டாம் என்பேன்? என் வீட்டுக்காரரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஆபீசில் எழுந்த சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது.

"ஆளுங்களுக்கு ஆபத்து இல்லைங்க," என்றேன். "முட்டைக்கு இருக்கு. கட்டையக் கழட்டினா அந்தக் கூடு போயிரும். போன வருஷம் ரெண்டு கூடு போச்சு, நான் பாத்தேன். கழட்ட வேணாம்னு தொரைகிட்ட சொல்லுங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை போல இருந்தது. அவருக்குக் கேட்டிருக்கிறது.

"நீங்க இன்னும் அத விடலையா?" என்றார். "சரி, ஆளுங்களுக்கு ஆபத்து இல்லைன்னு சொல்லிட்டீங்க. அது போதும்."

அவர் போன பிறகு நான் உள்ளே வந்தேன். பேசியதெல்லாம் உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டிருந்தது. மாரியாயி குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, "லீவுங்களா? பேரும் போடுறாங்களா? நல்லதுதான், கம்பளியெல்லாம் துவைக்காம கெடக்கு," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வெளியே காட்டவில்லை. அவளுக்கு அந்த நாள் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

போட்டி நாள் காலையில் ஆட்கள் கட்டையைக் கழற்றிக் கரையோரம் இழுத்துக் கட்டினார்கள். நான் பிள்ளைக் காம்பராவில் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். பறவை கூட்டில் இருந்தது.

அப்போது லயத்துப் பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டது. தலையில் மூட்டைகளோடு பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மாரியாயி முன்னால் வந்தாள். அக்கரை மலையில் கொழுந்து எடுக்கும் அத்தனை பேரும் வந்தார்கள். கம்பளி, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை என்று வீட்டில் இருந்ததையெல்லாம் கட்டி வந்திருந்தார்கள். தெப்பத்துறையிலிருந்து குடாவின் வாய்வரைக்கும் பாறைகளில் இடம் பிடித்தார்கள். பாவாடையை நெஞ்சுக்குமேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கம்பளியைப் பாறையில் அறைகிற சத்தம் இரண்டு மலையிலும் எதிரொலித்தது.

இந்தச் சத்தத்துக்கே பறவை ஓடிவிடும் என்று கோரைப் பக்கம் பார்த்தேன். அது அசையவில்லை. தினமும் பார்க்கிற முகங்கள், தினமும் கேட்கிற கூச்சல். தூரத்தில் முதல் வள்ளத்தைக் கிளப்பினார்கள். அவ்வளவு தூரத்து உறுமலுக்கு அதன் கழுத்து விறைத்து நீண்டது.

பெரிய கிளாக்கர் கரையோரமாக ஓடி வந்தார். பெண்கள் குளிக்கிற இடத்துக்குக் கிட்ட வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, தேயிலைச் செடிகளிடம் கத்தினார்.

"இங்க என்ன பண்றீங்க எல்லாரும்? எந்திரிங்க! வள்ளம் வருது!"

"லீவுன்னு சொன்னீங்களே கிளாக்கரய்யா," என்றாள் மாரியாயி. "லீவுன்னா துவைக்காம என்ன பண்ணுவாங்க?"

"லயத்துப் பீலியில போய்த் துவைங்க! தண்ணி கொட்டுது அங்க!"

"கம்பளி அலச பீலி பத்தாதுங்க. இங்கிட்டுத் திரும்பிப் பாருங்க, எம்புட்டுக் கெடக்குன்னு."

அவர் திரும்பவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் அவருடைய காது சிவந்தது. வள்ளம் குடாவின் வாய்க்கு வந்தது. அதில் இருந்த துரைமார் பார்த்தார்கள். பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் அமிழ்ந்து கொண்டார்கள். யாரும் கரையேறவில்லை. என்ஜின் நின்றது. வள்ளத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மெதுவாகப் பின்வாங்கித் திரும்பிப் போனது. சற்று நேரத்தில் திரும்புமிடத்துக் கொடியை அக்கரை முனைக்கு மாற்றி நடுவது தெரிந்தது.

"ஆயம்மா," என்று மாரியாயி கூப்பிட்டாள். "வேடிக்கையா பாக்குறீங்க? உங்களுக்குத் துவைக்கத் துணி இல்லையா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கிளாக்கர் இன்னும் அங்கேதான் நின்றார். நான் தோட்டத்தின் சம்பளம் வாங்குகிறவள். சிறிது நேரம் வாசலிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய்த் தொட்டில் துணிகள் எல்லாவற்றையும் அவிழ்த்தேன். முந்தின நாள்தான் அவித்துக் காயப்போட்டு எடுத்த துணிகள். மகளைக் கரையில் நிழலில் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீரின் குளிரில் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது.

"நீங்களுமா?" என்றார் கிளாக்கர், மலையைப் பார்த்தபடியே.

"பிள்ளைக் காம்பராத் துணிங்க," என்றேன். "சுத்தமா இருக்கணும்ல."

அவர் போய்விட்டார். ஆனால் வள்ளங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் எழுந்து போனால் கொடி மறுபடி இங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாத் துணியும் துவைத்து முடிந்துவிட்டது. பாறைகளிலும் தேயிலைச் செடிகளிலும் விரித்ததில் பாதி காய்ந்தும் விட்டது. ஒருத்தி கரையேறி லயத்துக்குப் போய்த் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தாள், அவள் வந்ததும் இன்னொருத்தி போனாள். மாரியாயி சுற்றிலும் பார்த்தாள். காய்ந்து மடித்து வைத்திருந்த தன்னுடைய கம்பளியை எடுத்து உதறினாள். மறுபடியும் தண்ணீரில் போட்டு, சவர்க்காரம் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் காய்ந்த தொட்டில் துணிகளை எடுத்து வந்து நனைத்தேன். கொழும்பு லொறி வந்து கடைசி வள்ளத்தை ஏற்றும்வரைக்கும் அழுக்கே இல்லாத துணிகளைப் பாறையில் அடித்துக்கொண்டிருந்தோம்.